வாழ்க்கைக்கு ஒரு படம் போதாது

“வாழ்க்கை ஒரு மலையேற்றம், உச்சியைப் பார்த்துக்கொண்டே ஏறு” என்பார் ஒருவர். “அது நதி, போகிற போக்கில் விட்டுவிடு” என்பார் இன்னொருவர். மூன்றாமவர், வாங்க நினைக்கும் வீட்டின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துத் தினமும் பார்க்கச் சொல்வார். மூன்றையும் ‘வாழ்க்கையைக் காட்சியாகப் பார்ப்பது’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். இதனால் சிலர் இதை ஏதோ மந்திரம் என்று நம்புகிறார்கள். சிலர் மேடைப் பேச்சுக்கு மட்டும் உதவும் அலங்காரம் என்று ஒதுக்குகிறார்கள்.

இரு தரப்பாரும் நல்ல கருவி ஒன்றைக் கைநழுவ விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். ‘என் வாழ்க்கை எங்கே போய்க்கொண்டிருக்கிறது?’ என்பது கேட்ட மாத்திரத்தில் மலைப்பைத் தரும் கேள்வி. எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அந்தக் கேள்வியைக் கைக்கு அடங்கும் அளவுக்குக் கொண்டுவரும் வேலையை உருவகப் படம் செய்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் ஏமாற்றும் என்பது தெரிந்திருந்தால்தான் பயன்.

## நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் படங்கள்

படித்து முடித்து வேலையில் அமர்ந்த மகனைப் பற்றி ‘ஒரு வழியாகக் கரையேறிவிட்டான்’ என்கிறோம். கடன் பெருகினால் ‘கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறேன்’ என்கிறோம். பள்ளிப் படிப்பு ‘அஸ்திவாரம்’. வேலை மாறியது ‘திருப்புமுனை’. வந்த இடத்தில் நிலைத்துவிட்டால் ‘வேரூன்றிவிட்டோம்’. இவற்றைச் சொல்லும்போது யாரும் கவிதை பேசுவதாக நினைப்பதில்லை. இருந்தும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழுக் காட்சி ஒளிந்திருக்கிறது. நீந்துபவரும் கரையும், கட்டடம், சாலை, மரம்.

ஒன்றை இன்னொன்றாகவே பாவித்துப் புரிந்துகொள்வதற்கு உருவகம் என்று பெயர். பள்ளியில் இதை அணி இலக்கணத்தில் படித்தோம், செய்யுளுக்கு அழகு சேர்க்கும் உத்தி என்ற அளவில். 1980இல் ஜார்ஜ் லேகாஃப் என்ற மொழியியலாளரும் மார்க் ஜான்சன் என்ற தத்துவ அறிஞரும் இதை வேறு கோணத்தில் பார்த்தார்கள். உருவகம் பேச்சில் தெரிவதற்கு முன்பே சிந்தனையில் இருக்கிறது என்றார்கள். காலம், அன்பு, வாழ்க்கை ஆகியவற்றைக் கண்ணால் காண முடியாது. எனவே கண்ணால் கண்டவற்றையும் உடலால் அனுபவித்தவற்றையும் கொண்டுதான் அவற்றை நினைக்கிறோம் என்பது அவர்கள் வாதம். வாழ்க்கையைப் பயணமாக நினைப்பது அவர்கள் காட்டிய முக்கியமான உதாரணங்களில் ஒன்று.

எல்லோரும் ஒரே படத்தை வைத்திருப்பதும் இல்லை. எதிர்காலம் முன்னால் இருப்பதாகவும் கடந்தகாலம் பின்னால் போய்விட்டதாகவும் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆண்டிஸ் மலைப்பகுதியில் வாழும் ஐமாரா மக்களின் மொழியில் இது தலைகீழ். ராஃபேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐமாரா முதியவர்கள் பழைய நாட்களைப் பற்றிப் பேசும்போது கையை முன்னோக்கி நீட்டுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நடந்து முடிந்தது தெரியும், ஆகவே அது கண்ணெதிரே இருக்கிறது. நடக்கப்போவது தெரியாது, ஆகவே அது முதுகுக்குப் பின்னால். யோசித்துப் பார்த்தால் அதிலும் முழு நியாயம் இருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வாழ்க்கையைப் பற்றி நினைக்கும்போதே ஏதோ ஒரு படத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். அதை நாமாகத் தேர்ந்தெடுத்தோமா, பழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டதா என்பதுதான் கேள்வி.

## உருவகத்தின் உள்வேலை

ஒவ்வோர் உருவகத்துக்கும் இரண்டு பக்கங்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த பக்கத்தை மூலம் என்போம். புரிந்துகொள்ள விரும்பும் பக்கத்தை இலக்கு என்போம். ‘வாழ்க்கை ஒரு பயணம்’ என்பதில் பயணம் மூலம், வாழ்க்கை இலக்கு. மூலத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக இலக்கில் இருப்பவற்றோடு இணைத்துப் பார்ப்பது பொருத்துதல்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாழ்க்கையைச் சாலை என்று சொல்லும்போது அது கறுப்பாக, தாரால் ஆனதாக இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தோற்றம் கடந்து வருவதில்லை, உறவுகள்தான் கடந்து வருகின்றன. சுமை கூடினால் வேகம் குறையும், ஒரு கிளைச்சாலையைத் தேர்ந்தால் மற்றது கைவிட்டுப் போகும், உடன் வருபவர் பாதியில் பிரியலாம். ஒப்புமைகளில் உறவுகளே கடத்தப்படுகின்றன என்ற இந்தக் கருத்தை டெட்ரே கென்ட்னர் என்ற உளவியல் அறிஞர் 1983இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார்.

உறவுகள் கடந்து வரும்போது, அந்தப் படத்தில் இடமில்லாதவை வெளியே தங்கிவிடுகின்றன. இதற்கு நல்ல சாட்சி உலக வரைபடம். 1569இல் ஜெரார்டஸ் மெர்கேட்டர் வரைந்த வரைபடம் கடலோடிகளுக்காக ஆனது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு செல்லும் பாதை அதில் நேர்க்கோடாக விழும். அந்த வசதிக்கு விலையாகப் பரப்பளவு சிதைந்துபோனது. துருவத்தை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப் பெரிதாகின்றன. அதில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்காவின் அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்காவின் பரப்பு அதைப்போல் சுமார் 14 மடங்கு. மெர்கேட்டர் தவறு செய்துவிடவில்லை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அவர் திசையைக் காப்பாற்ற அளவை விட்டுக்கொடுத்தார்.

வாழ்க்கையைப் பற்றிய படங்களும் இதே கட்டாயத்துக்கு உட்பட்டவை. பாதை என்ற படம் திசையைத் தெளிவாகக் காட்டும். வழியில் எது பெரியது, எது சிறியது என்பதை மறைத்துவிடும். பதவி உயர்வும் தாயின் நோயும் அதில் ஒரே அளவு மைல்கற்களாக நிற்கும்.

சுருக்கமாகச் சொன்னால், ஓர் உருவகத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியவை இரண்டு. இது எதைக் காட்டுகிறது? காட்டுவதற்காக எதை விட்டுக்கொடுக்கிறது?

## படம் மாறினால் முடிவும் மாறுமா?

2011இல் பால் திபோடோவும் லெரா பொரோடிட்ஸ்கியும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கற்பனை நகரத்தில் குற்றங்கள் பெருகுவதைப் பற்றிய சிறு அறிக்கையைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் படித்ததில் குற்றம் ஊரைச் சூறையாடும் கொடிய விலங்கு. மற்றப் பிரிவினர் படித்ததில் அது ஊரைப் பீடிக்கும் வைரஸ். புள்ளிவிவரங்கள் இரண்டிலும் ஒன்றே. விலங்கு என்று படித்தவர்கள், பிடித்து அடைக்க வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். வைரஸ் என்று படித்தவர்கள், காரணத்தைக் கண்டறிந்து சமூகத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். எது உங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது என்று கேட்டபோது பெரும்பாலோர் புள்ளிவிவரங்களைச் சுட்டினார்கள். அந்த ஒற்றைச் சொல் அவர்கள் கவனத்துக்கே வரவில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘உருவகத்தை மாற்றினால் மனிதனையே மாற்றிவிடலாம்’ என்று முழங்குபவர்களை நம்பாதீர்கள். 2014இல் வேறொரு குழு இதேபோன்ற சோதனைகளைச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. உருவகத்தின் இழுவிசை மெல்லியது, சூழலைப் பொறுத்தது என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. மார்க் லாண்டாவ், டாஃப்னா ஆய்சர்மன் உள்ளிட்டோர் அதைச் செய்தார்கள். தாம் ஆக விரும்பும் நிலையை, கல்லூரிப் படிப்பு என்ற பயணத்தின் வழியாகச் சென்றடையும் இடமாக எண்ணிப் பார்க்க மாணவர்களைத் தூண்டினார்கள். வேறு உருவகத்திலோ உருவகமே இல்லாமலோ எண்ணிப் பார்த்தவர்களைவிட இவர்களிடம் படிப்பில் ஈடுபாடு கூடியிருந்தது. இதற்கான காரணம் எனக்கு எளிமையாகத் தெரிகிறது. பயணப் படத்தில், இன்று இங்கே நிற்கும் நானும் நாளை அங்கே நிற்கப்போகும் நானும் ஒரே கோட்டின் இரு முனைகள். இன்றைய பாடம் அந்தக் கோட்டின் மேல் ஓர் அடி என்று தெரிந்துவிடுகிறது.

## கனவுப் பலகை வேறு, உருவகப் படம் வேறு

பரவலான குழப்பம் இங்கேதான். விரும்பும் பொருளின் படத்தை ஒட்டிவைத்துப் பார்க்கும் கனவுப் பலகை ஆசையின் படம். அதில் மூலமும் இல்லை, இலக்கும் இல்லை, பொருத்திப் பார்க்க எதுவும் இல்லை. வீட்டின் படம் வீட்டைத்தான் குறிக்கிறது.

ஆசையின் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது உதவும் என்று நம்புவதற்கும் தயங்க வேண்டும். லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முந்தைய நாட்களில் மாணவர்கள் சிலர் நல்ல மதிப்பெண் வாங்கிய தருணத்தைக் கற்பனை செய்தார்கள். வேறு சிலர் மேசையில் உட்கார்ந்து படிக்கும் காட்சியைக் கற்பனை செய்தார்கள். படிக்கும் காட்சியைக் கற்பனை செய்தவர்கள்தான் அதிக மதிப்பெண் பெற்றார்கள்.

உருவகப் படம் ‘எனக்கு என்ன வேண்டும்?’ என்பதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறது: நான் இப்போது எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறேன், அது எனக்கு எப்படித் தெரிகிறது?

## மனத்திலேயே வைத்திருக்காமல் காகிதத்தில் ஏன்?

பழைய சம்பவம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சில நினைவுகளில் அன்று கண்ட காட்சி அப்படியே நம் கண்வழியாகத் தெரியும். சிலவற்றில் நம்மையே வெளியிலிருந்து பார்ப்போம், நம் முகமும் முதுகும் தெரியும். இந்த இருவகை நினைவுகளை ஜார்ஜியா நைக்ரோவும் உல்ரிக் நைஸரும் 1983இல் ஆராய்ந்து எழுதினார்கள். பிற்பாடு ஈத்தன் க்ராஸ், ஓஸ்லெம் ஆய்டுக் போன்றோர், மனத்தைக் கலக்கிய நிகழ்வை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு உணர்ச்சிக் கொந்தளிப்பு குறைகிறது. ‘அவன் இப்படிச் சொன்னான், நான் இப்படிச் சொன்னேன்’ என்று நடந்ததையே திரும்ப ஓட்டுவதும் குறைகிறது. ஏன் நடந்தது என்று புதிதாகப் பொருள் காண்பது கூடுகிறது. இதை விலகிப் பார்த்தல் என்று குறிப்போம்.

காகிதத்தில் வரைவது விலகிப் பார்த்தலை எளிதாக்குகிறது. மனத்துக்குள் ‘நான் சிக்கிக்கொண்டேன்’ என்று நினைக்கும்போது சிக்கியவரும் பார்ப்பவரும் ஒருவரே. தாளில் ஒரு சிறு மனித உருவத்தை வரைந்த கணத்தில் நாம் தாளுக்கு வெளியே வந்துவிடுகிறோம். அந்த உருவம் எங்கே பார்த்து நிற்கிறது, அருகில் யார் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்றெல்லாம் கேட்க முடிகிறது. இன்னொருவரிடம் காட்டவும் முடிகிறது.

## ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே நிறுவனத்தில், ஏறக்குறைய ஒரே வேலையில் பதினைந்து ஆண்டுகள். கேட்டால் “முட்டுச்சந்தில் நிற்கிறேன்” என்பார். அதையே வரையச் சொல்கிறோம்.

ஒடுக்கமான சந்து. இரண்டு பக்கமும் உயரமான சுவர். எதிரே இன்னொரு சுவர். அதை ஒட்டி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறு உருவம். வேறு ஆள் கிடையாது. கதவோ ஜன்னலோ கிடையாது.

இனி பொருத்துதல். எதிரே உள்ள சுவர் வாழ்க்கையில் எது? “பதவி உயர்வு கிடையாது.” சரி, யார் சொன்னார்கள்? கொஞ்சம் மௌனத்துக்குப் பிறகு தெரிகிறது, கடைசியாகக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கச் சுவர்கள் எவை? “வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு.” அப்படியானால் அவரை நகரவிடாமல் வைத்திருப்பவை அந்தப் பக்கச் சுவர்கள்தான். அவற்றில் ஒன்றுக்கு முடிவுத் தேதி உண்டு. கடன் எந்த ஆண்டில் தீரும் என்று ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். பல வருடம் எதிர்ச்சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவர், பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

அடுத்தது, படத்தில் வரையாமல் விட்டது. முட்டுச்சந்துக்கு ஒரு பக்கம் திறப்பு உண்டு. வந்த வழி. அவர் அதை வரையவில்லை, ஏனென்றால் முதுகு அந்தப் பக்கம். வந்த வழியில் என்ன இருந்தது என்று கேட்டால், ஆரம்பத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்ததும் அதில் அவருக்கு இருந்த ஆர்வமும் வெளியே வரலாம்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகும். இப்போது அதே பதினைந்து ஆண்டுகளை ஒரு மரமாக வரையச் சொல்கிறோம். வயதான மரம் உயரத்தில் வேகம் குறைந்த பிறகும் அடிமரம் பருத்துக்கொண்டே போகும். சந்தில் ‘நகரவே இல்லை’ என்று தெரிந்த காலம், மரத்தில் ‘பருத்த’ காலமாகத் தெரிகிறது. எது பருத்தது? சிக்கலான வேலை வந்தால் எல்லோரும் அவரிடம்தான் வருகிறார்கள். சந்துப் படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை, தனியாகத்தான் நின்றார். மரத்தில் கிளைகளும் நிழலும் அண்டி நிற்பவர்களும் வந்துவிடுகிறார்கள்.

மரம் இனிமையான படம் என்பதற்காக அதுதான் உண்மை என்று சொல்லிவிடக் கூடாது. மரம் இருக்கும் இடத்தைவிட்டு நகராது. வேறு வேலைக்குப் போவது அவருக்கு நல்லது என்றால், மரம் என்ற படம் அவரைத் தடுக்கும். சந்து அவசரத்தைக் காட்டியது, சேர்த்துவைத்ததை மறைத்தது. மரம் சேர்த்துவைத்ததைக் காட்டியது, வெளியேறும் வாய்ப்பை மறைத்தது. பார்வை கிடைத்தது ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய அந்த இடத்தில்தான். இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருக்கும் முக்கியமான விஷயம் இதுவே.

## பரவலாகப் புழங்கும் படங்கள், அவை மறைப்பவை

மலையும் ஏணியும் ஒரே குடும்பம். முயற்சி, உயரம், உச்சி. பரீட்சைக்குத் தயாராவது, தொழிற்பயிற்சி பெறுவது போன்ற தெளிவான முடிவுடைய வேலைகளுக்கு இவை நன்றாகப் பொருந்தும். முழு வாழ்க்கைக்கும் இதையே வைத்துக்கொண்டால் இரண்டு சிக்கல்கள். உச்சிக்குப் பிறகு இறக்கம் மட்டும்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லோரும் நமக்கு மேலேயோ கீழேயோ இருப்பவர்களாகிவிடுகிறார்கள்.

நதியைப் பாருங்கள். பேராற்று நீரோட்டத்தோடு செல்லும் தெப்பம்போல உயிர் செல்கிறது என்று சொல்லும் ‘யாதும் ஊரே’ என்ற சங்கப் பாடலை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பாடல் அடுத்து எங்கே போகிறது என்று கவனியுங்கள்: ஆகவே பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை. இந்த முடிவு ஏணியிலிருந்து பிறக்க முடியாது. எல்லாத் தெப்பங்களையும் ஒரே நீர்தான் சுமக்கிறது என்ற படத்திலிருந்துதான் பிறக்கும். உருவகம் எண்ணத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நதி மறைப்பது துடுப்பை. எல்லாம் நீரோட்டத்தின் செயல் என்று விட்டுவிட்டால், நம் கையில் இருந்த முடிவுகளும் கணக்கில் வராமல் போகும்.

மரத்தைச் சிகிச்சை முறையாகவே பயன்படுத்துகிறார்கள். ஜிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் ந்காசெலோ ந்கூபேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எச்ஐவி, எய்ட்ஸ் பாதிப்பால் துயரப்பட்ட குழந்தைகளுக்கான முறை அது. வேர் என்பது எங்கிருந்து வந்தோம் என்பது. நிலம் இன்றைய அன்றாடம். அடிமரம் திறமைகள். கிளைகள் ஆசைகள். இலைகள் முக்கியமான மனிதர்கள். பழங்கள் பிறரிடமிருந்து நமக்குக் கிடைத்தவை. இவற்றையெல்லாம் வரைந்து, எல்லாருடைய மரங்களையும் ஒன்றாக வைத்து ஒரு காடாக்கிய பிறகுதான் புயல்களைப் பற்றிப் பேச்சு வரும். இந்த வரிசைதான் முறையின் உயிர். துயரத்தைச் சொல்வதற்கு முன் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள்.

வாரக் கட்டங்கள் இன்று பலரும் சுவரில் மாட்டும் படம். 80 ஆண்டு வாழ்வை ஆண்டுக்கு 52 கட்டங்களாக வரைந்தால் 4,160 கட்டங்கள், ஒரே தாளில். முடிந்தவற்றைக் கறுப்பாக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவரை இது உலுக்கும். ஆனால் எல்லா வாரங்களும் ஒரே அளவு என்று இது சாதிக்கிறது. குழந்தை பிறந்த வாரமும் கோப்புகளைப் புரட்டிய வாரமும் ஒரே கட்டம். வாழ்க்கையைத் தீர்ந்துகொண்டிருக்கும் இருப்பாக மட்டுமே காட்டுவதால், ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி வகுப்புகளில் தரும் வாழ்க்கைச் சக்கரம், வேலை, உடல்நலம், உறவு என்று ஆரங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லும். சக்கரம் வட்டமாக இருந்தால்தான் உருளும் என்பது அதன் உள்ளுறை. கைக்குழந்தையோடு இருப்பவரின் சக்கரமோ முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவரின் சக்கரமோ வட்டமாக இருக்கத் தேவையில்லை.

திசைகாட்டி வேறு ரகம். 1980களில் ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுக்கத் தொடங்கிய சிகிச்சை முறையில், நாம் மதிக்கும் பண்புகளைத் திசைகளாகவும் குறிக்கோள்களை வழியில் வரும் இடங்களாகவும் காட்டுவார்கள். மேற்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கலாம், ‘மேற்கை அடைந்துவிட்டேன்’ என்று ஒருநாளும் சொல்ல முடியாது. நல்ல தகப்பனாக இருப்பதும் அப்படித்தான். நினைத்ததை அடைந்த பிறகும் வெறுமையாக உணர்பவர்களுக்கு இந்தப் படம் பெரிய துணை.

## நீங்களே செய்து பார்க்க

உருவகத்தைத் தேடி அலைய வேண்டாம். கடந்த சில வாரங்களில் உங்கள் வாழ்க்கையைப் பற்றி நீங்களே சொன்ன வாக்கியங்களை நினைவுபடுத்துங்கள். ‘ஓடிக்கொண்டே இருக்கிறேன்’, ‘சுமந்து மாளவில்லை’, ‘எல்லாம் கைமீறிப் போகிறது’. உங்கள் படம் அங்கே இருக்கிறது. அதை வரையுங்கள். குச்சி மனிதர்களும் கோணல் கோடுகளும் போதும். அழகாக வரைய முயன்றால் கவனம் அழகின் பக்கம் போய்விடும். உங்களையும் படத்துக்குள் வரைய மறக்காதீர்கள். பலர் நிலத்தை வரைந்துவிட்டுத் தம்மை வரையாமல் நிறுத்திவிடுவது உண்டு. அதுவும் ஒரு செய்திதான்.

பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அது வாழ்க்கையில் எது என்று எழுதுங்கள். ‘பொறுப்பு’ என்று எழுதினால் அது போதாது. ‘மாதக் கடைசி அறிக்கை’, ‘அப்பாவின் மருத்துவமனைச் செலவு’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எந்தப் பகுதிக்குப் பெயர் எழுதக் கை தயங்குகிறதோ, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பெயரே கிடைக்காத பகுதி என்றால் படம் அங்கே பொருந்தவில்லை என்று பொருள், வலிந்து பொருத்த வேண்டாம்.

அடுத்து, குணத்தில் முற்றிலும் மாறுபட்ட இரண்டாவது படம். முதல் படத்தில் அசைவு இருந்தால் இரண்டாவதில் வளர்ச்சி இருக்கட்டும். முதலாவதில் தனியாக நின்றால் இரண்டாவதில் ஆட்கள் இருக்கட்டும். சாலைக்குப் பதில் நெடுஞ்சாலை என்று மாற்றுவது மாற்றமே ஆகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் காணாமல் போனவற்றைக் குறியுங்கள். கடைசியில் ஒரே ஒரு செயலை எழுதுங்கள், சரிபார்க்கக் கூடியதாக. மேலே பார்த்தவருக்கு அது ‘மேலாளரிடம் பதவி உயர்வு பற்றிக் கேட்பது’ என்று இருக்கலாம்.

## கருவி நிற்கும் இடம்

படம் கேள்விகளைத் தரும், விடைகளுக்கு வேறு இடங்களுக்குப் போக வேண்டும். வேலையை விடலாமா என்பதற்குச் சேமிப்புக் கணக்கு வேண்டும். உடல் சோர்வு வாழ்க்கைத் திசையால் வந்ததா, ரத்தசோகையால் வந்ததா என்பதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். கடினமான மண உறவில் இருப்பவர் ‘புயலில் கப்பல்’ என்று வரைந்துவிட்டுப் புயல் ஓயக் காத்திருந்தால் அந்தப் படம் அவருக்குத் தீங்கு செய்கிறது. புயல் இயற்கையின் வேலை, அதற்கு யாரும் பொறுப்பில்லை. வீட்டில் அடிப்பவர் அப்படியல்ல. யாருடைய பொறுப்பையாவது மறைக்கும் படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கிழித்துவிட்டு வேறு வரைய வேண்டும்.

துக்கத்திலோ நீண்ட மனச்சோர்விலோ இருக்கும்போது எந்தப் படம் வரைந்தாலும் அது கிணறாகவே வந்து முடியலாம். இரண்டாவது படமே கிடைக்காத நிலை அது. அப்போது தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போவதே சரி. வரைந்த தாளையும் கொண்டுபோகலாம், பேச்சைத் தொடங்க அது உதவும்.

மற்றவர்கள் தாளின் மூலையில் தேதி போட்டு எடுத்துவையுங்கள். சில மாதம் கழித்து மறுபடி வரையும்போது பழையதைப் பார்க்காமல் வரையுங்கள். பார்த்தால் கை அதையே நகலெடுக்கும். புதியதை முடித்த பிறகு பழையதை எடுத்து அருகே வைத்து, உங்கள் உருவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, யார் புதிதாக உள்ளே வந்திருக்கிறார்கள், முன்பு பெயர் எழுதத் தயங்கிய பகுதிக்கு இப்போது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.